டெர்மினலில் வரிகள் ஊர்ந்து வருகின்றனவா?

கேள்வி: உபுண்டு டெஸ்க்டாப்பில், அலுவலக சர்வரில் உள்ள பெரிய ஃபோல்டருக்குள் போய் ஃபைல் பெயர்களைக் காட்டும் எல்எஸ் (ls) கட்டளையைக் கொடுத்தால் பட்டியல் வர நெடுநேரம் ஆகிறது. புராஜெக்ட்டை பில்ட் செய்யும்போதும் வரிகள் தயங்கித் தயங்கித்தான் வருகின்றன. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். தாமதம் வரிகளைத் தரும் புரோகிராமிலா, அவற்றைத் திரையில் வரையும் டெர்மினலிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

டெர்மினலை மட்டும் சோதிக்க, எண்களை வரிசையாக அச்சிடும் சீக் (seq) கட்டளை போதும். 10 லட்சம் வரை அச்சிடச் சொல்லி, எடுத்த நேரத்தைக் காட்டும் டைம் (time) கட்டளையை முன்னால் சேர்த்து ஓட்டுங்கள். சுமார் 6.9 எம்பி எழுத்து திரையில் ஓடும். அப்புறம் அதையே பைப் (|) வழியாக, வந்ததை அப்படியே வெளியிடும் கேட் (cat) கட்டளைக்கு அனுப்பி, அங்கிருந்து எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு (/dev/null) திருப்பி ஓட்டுங்கள். இரண்டாவது முறை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து, முதல் முறை மட்டும் இழுத்தால் டெர்மினல்தான் காரணம். புரோகிராமுக்கும் டெர்மினலுக்கும் இடையில், சிஸ்டத்தின் மையமான கெர்னல் வைத்திருக்கும் பஃபர் (தற்காலிக சேமிப்பிடம்) சிறியது. அது நிரம்பிவிட்டால், டெர்மினல் படித்துக் காலி செய்யும்வரை புரோகிராம் அப்படியே நிற்கும். திரை மெதுவானால் பில்டும் மெதுவாவது இதனால்தான்.

நடுவில் கேட் எதற்கு? இதே முறையில் வேறு கட்டளைகளையும் அளக்கலாம் அல்லவா? வெளியீடு நேராக டெவ் நல்லுக்குப் போவதைக் கண்டால், ஃபைல்களில் சொற்களைத் தேடும் குனு கிரெப் (grep) முதல் பொருத்தம் கிடைத்ததுமே வேலையை நிறுத்திவிடும். அந்த நேரத்தை நம்பினால் டெர்மினல் மேல் வீண்பழி விழும். எதை அளந்தாலும் இரண்டு முறை ஓட்டி, இரண்டாவது கணக்கையே எடுங்கள். முதல் முறையில் டிஸ்க்கிலிருந்து படிக்கும் நேரமும் சேர்ந்திருக்கும்.

எல்எஸ் விஷயம் வேறு. அது எல்லாப் பெயர்களையும் திரட்டி, வரிசைப்படுத்திய பிறகே அச்சிடத் தொடங்கும். வெகுநேரம் வெறும் திரை, பிறகு மொத்தமாகப் பட்டியல் என்றால் டெர்மினலைக் குறை சொல்ல முடியாது. உபுண்டுவில் எல்எஸ் வண்ணத்தோடு வருகிறது. எந்த ஃபைலுக்கு என்ன வண்ணம் என்று தெரிய ஒவ்வொன்றின் விவரத்தையும் கேட்க வேண்டும். உங்கள் ஃபோல்டர் நெட்வொர்க்கில் இருப்பதால் அந்தக் கேள்விகள் சர்வர்வரை போய் வரும். எல்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட்டால் வண்ணமில்லாமல் ஓடும். சட்டென்று வந்துவிட்டால் விஷயம் அதுதான்.

சரி, டெர்மினல்தான் என்று உறுதியானால்? ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாக்கித் தரும் டீமக்ஸுக்குள் (tmux) இருந்தால் வெளியே வந்து அதே சோதனையைச் செய்யுங்கள். எக்ஸ்டெர்ம் (xterm) என்ற வேறொரு டெர்மினலிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். அலாக்ரிட்டி, கிட்டி போன்ற டெர்மினல்கள் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி வரைபவை. கிராஃபிக்ஸ் விவரங்களைத் தரும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளை காட்டுவதில் எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று இருந்தால், வரையும் வேலை முழுக்க சிபியு தலையில் விழுகிறது என்று பொருள். அப்போதும் கார்டு வாங்க ஓடாதீர்கள், இருக்கும் கார்டின் டிரைவர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பில்ட் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, கடைசி வரிகளை மட்டும் டெயில் (tail) கட்டளையில் பார்த்துக்கொள்ளலாம்.