அடுக்ககங்களும் வார்டு உறுப்பினரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் வசிக்கிறேன். தனி வீடுகளாக இருந்த எங்கள் தெருவில் ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடிகள் கட்டுகிறார்கள். சாலையின் அகலம் மட்டும் மாறவில்லை. மழைநீர் வடிகாலும் இல்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தில் அரசியல் பேசக் கூடாது என்று விதி வைத்திருப்பதால் மனு மட்டுமே கொடுத்து வருகிறோம். வழக்குத் தொடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சங்கத்தின் அந்த விதியை முதலில் நீக்கிவிடுங்கள். ஒரு மனையில் எத்தனை தளம் எழும்பலாம், ஏரியின் உபரிநீர் எந்த வழியாக வடிய வேண்டும் என்பதெல்லாம் அரசியல் முடிவுகள்தாம். நீங்கள் பேசாத இடத்தில் மனை வணிகர் பேசிக்கொள்வார்.

சிறிய கட்டடங்களுக்குத்தான் மாநகராட்சி அனுமதி தருகிறது. பெரிய அடுக்ககங்களின் வரைபடம் எழும்பூரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மேசைக்குப் போகிறது. அதற்கு உங்கள் வார்டு உறுப்பினரின் சம்மதம் தேவையில்லை. அப்படியொரு உறுப்பினர்கூட நெடுங்காலமாக உங்களுக்கு இல்லாமலிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ட மக்கள், கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஆண்டுகளில், அதாவது 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை, நகர்ப்புற உள்ளாட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். இடையில், 2021 நவம்பரில், உங்கள் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று இல்லாமலேதான்.

ஆயினும் அனுமதியைவிடப் பெரிய ஓட்டை வரன்முறைப்படுத்துதல். விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று ஏற்பதற்காக நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது, ஒருமுறை மட்டுமே என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000இல் அதை அனுமதித்தது. அரசு அதை நீட்டித்துக்கொண்டே போக, 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு அதேபோல 113-சி என்ற பிரிவு வந்தது. 2017இல் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்கும் தனி விதிகள் வந்தன. மன்னிப்பு வரும் என்று தெரிந்தவர் எதற்காகப் பக்கத்துச் சுவரிலிருந்து இடைவெளி விடுவார்? (மன்னிப்புக்கு விண்ணப்பித்தவர்களில் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களும் உண்டு.)

உங்கள் கைக்கெட்டும் வேலை ஒன்று இருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கி, ‘பூங்கா’ என்று குறித்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் முட்புதர் இருக்கும். சில இடங்களில் ஓர் அடுக்ககத்தின் கார்கள் நிற்கும், கம்பிக் கதவும் பூட்டும் போட்டிருப்பார்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அது மாநகராட்சியின் நிலம். பதிவாகவில்லையென்றால் ஏன் என்று பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் சபை அது) எழுத்துமூலம் கேட்டு, தீர்மானமாக்கச் சொல்லுங்கள். ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க்கும் இப்படியே வருவாய்த்துறையின் புல வரைபடத்தை வாங்கிக் கால்வாயின் அகலத்தை ஒப்பிடலாம்.

வழக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை; அதற்கும் இந்தக் காகிதங்கள்தான் ஆதாரம். உங்களில் ஒருவர் அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்பதாக இருந்தால், அதற்கு முன்பே இவற்றைச் சேர்த்து வைத்திருப்பது நல்லது.