ஒரே ஆண்டில் அச்சான பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்குள் ஏன் இவ்வளவு விலை வேறுபாடு?

ஆண்டு ஒன்றுதான், ஆனால் அச்சு (காசில் உருவத்தைப் பதிக்கும் முத்திரை) ஒன்றல்ல. பிலடெல்பியா நாணயச்சாலை தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு அச்சையும் கையால்தான் செதுக்கினார்கள். அச்சு விரிசல் விட்டால் புதிதாக ஒன்று செதுக்க வேண்டும். அதில் காசில் உள்ள பெண் உருவத்தின் முடிச் சுருளோ எழுத்தின் இடைவெளியோ சற்றே மாறிவிடும். சேகரிப்பாளர்கள் தேடுவது இந்த மாற்றங்களைத்தான். அவற்றை இனம்பிரித்து வரிசை எண்ணும் கொடுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற நாணய ஆய்வாளர்; அதனால் அதற்கு ஷெல்டன் எண் என்று பெயர்.

1793-இன் சங்கிலி சென்டைப் பாருங்கள். பின்புறம் பதினைந்து மாநிலங்களைக் குறிக்கும் பதினைந்து கண்ணிகள். முதல் அச்சில் 'அமெரிக்கா' என்ற சொல்லுக்கு இடம் போதாமல் 'அமெரி.' என்று புள்ளி வைத்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த அச்சில் முழுச் சொல்லும் வந்தது. விடுதலை பெற்ற நாட்டின் காசில் சங்கிலியா என்று எதிர்ப்பு கிளம்ப, அதே ஆண்டில் சங்கிலி போய் இலைவளையம் வந்தது. சங்கிலி வகையில் வெளியானவை சுமார் 36,000 மட்டுமே.

1799 சென்டும் அரியது. அதனாலேயே 1798 காசின் கடைசி எண்ணைத் திருத்தி விற்கும் மோசடி உண்டு. அந்த 9-ஐ உருப்பெருக்கியில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மேற்பரப்பு. செம்பு ஈரத்தில் அரித்துப் பள்ளம் விழும். இயல்பான பழுப்பு நிறம் மாறாத காசுக்கே மதிப்பு அதிகம். புளியோ பாலிஷோ போட்டுப் பளபளப்பாக்கினால் அந்த நிறம் திரும்பி வராது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.