புதிதாக வாங்கிய கடற்சாமந்தி சுருங்கிக் கிடக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். சுமார் 150 லிட்டர். தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது, இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. போன சனிக்கிழமை 70 வெள்ளி கொடுத்து ஒரு பபுள் டிப் (நுனி குமிழாக உப்பும் வகை) கடற்சாமந்தி வாங்கினேன், கோமாளி மீன் குடியிருக்குமே, பூப்போன்ற அந்தக் கடல் விலங்கு. முதல் நாள் அழகாக விரிந்தது. மறுநாள் பாறையை விட்டுக் கண்ணாடியில் ஏறி, மோட்டார் பக்கம் போய்விட்டது. இரண்டு முறை பிடுங்கி எடுத்துப் பாறையில் வைத்தேன். பசிக்குமே என்று ஒரு முழு இறால் கொடுத்தேன், துப்பிவிட்டது. இன்று காலை எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி, வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் மாதிரி ஏதோ வருகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லை. பத்து நாளாகத் தொட்டி மேல் மின்விசிறி ஓடுகிறது. தினமும் மூன்று லிட்டர் குறைகிறது, அதே அளவு உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றுகிறேன். மதியம் 30 டிகிரி காட்டுகிறது. செத்துவிட்டது, தூக்கிப் போடு என்கிறார் மாமியார். கோமாளி மீன்களும் பக்கத்தில் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். சிறு குழாயால் அதன் பக்கத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி ஒரு கோப்பையில் விட்டு முகர்ந்தால் போதும். செத்த கடற்சாமந்தியின் நாற்றம் சந்தேகத்துக்கே இடம் வைக்காது, மூன்று நாள் வெயிலில் கிடந்த மீன் தோற்றுவிடும். உடம்பும் கஞ்சி மாதிரிக் கரைந்து, தொட்டால் இழை இழையாகப் பிரியும். அப்படி இருந்தால் அந்த நிமிடமே வெளியே எடுங்கள். விட்டுவைத்தால் அம்மோனியா ஏறி மீன்களையும் கொண்டுபோய்விடும். நாற்றம் இல்லை, அடிப்பாதம் எங்கோ ஒட்டிப் பிடித்திருக்கிறது என்றால் உயிர் இருக்கிறது.

சுருங்குவது தனியாக ஒரு நோய் இல்லை. உடம்பில் இருக்கும் பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியே தள்ள அது அவ்வப்போது இப்படி ஒடுங்கும், சில மணி நேரத்தில் மறுபடி விரியும். பழுப்பு நூலும் பெரும்பாலும் கழிவுதான். ஆனால் நாள் முழுக்கச் சுருங்கிக் கிடந்து, வாயும் பிளந்து நின்றால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். நீங்கள் தினமும் மூன்று லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள், பத்து நாளில் 30 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்று வையுங்கள், ஒரு கிலோவுக்கு மேல் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் லிட்டருக்கு 35 கிராம் இருந்திருந்தால் இன்று 42-க்குப் பக்கத்தில் இருக்கும். கோமாளி மீன் இதைத் தாங்கிக்கொண்டு நீந்தும். கடற்சாமந்திக்கு உடம்பே பாதி தண்ணீர்ப் பை மாதிரி, வெளியே இருக்கும் தண்ணீர்தான் உள்ளேயும். அது என்ன செய்யும், பாவம்?

ஊசி ஆடும் பிளாஸ்டிக் உப்புமானி வைத்திருந்தால் அதை நம்ப வேண்டாம், ஊசியில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே அளவு கூடிக் காட்டும். ஒளி விலகுவதை வைத்து உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒப்படர்த்தி 1.025, 1.026 என்று காட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். ஆவியான மூன்று லிட்டருக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அது போக, தினமும் தொட்டியிலிருந்து மூன்றரை, நான்கு லிட்டரை எடுத்துவிட்டு அதற்கும் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். இப்படிச் செய்தால் நாளுக்கு ஒரு கிராம் அளவில் இறங்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

நல்ல தண்ணீர் என்றதும் குழாயைத் திறந்துவிடாதீர்கள். ஊரில் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பார்கள். சிங்கப்பூர்த் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின், அது வாளியில் வைத்தால் அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் குளோராமினை முறித்து, பிரியும் அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சூடு. 25 முதல் 27 டிகிரிக்குள் வையுங்கள். மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கும், ஆனால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இரவில் ஏர்கான் போட்டு 26, மதியம் அணைத்து 30 என்று ஏறி இறங்குவதும் கெடுதல். கடற்சாமந்தி வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டால் சில்லர் இல்லாமல் நடக்காது. இதைக் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சில்லரைத் தொட்டிக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், அது வெளியே தள்ளும் அனலில் அதுவே திணறும்.

அப்புறம், அதை இரண்டு முறை பிடுங்கியது. கடற்சாமந்தி தனக்கு வேண்டிய வெளிச்சமும் நீரோட்டமும் கிடைக்கும் இடத்தைத் தானே தேடிப் போகும். பபுள் டிப் என்றால் பாதத்தைப் பாறை இடுக்கில் செருகிக்கொண்டு தலையை மட்டும் வெளியே விரிக்கும். கண்ணாடியில் இழுத்துப் பிடுங்கினால் பாதம் கிழியும், கிழிந்த பாதம் ஆறுவது கடினம். நடக்கட்டும், விடுங்கள். உங்கள் வேலை மோட்டாரின் உறிஞ்சு வாயை மூடுவதுதான். முரட்டு ஸ்பாஞ்சை ஒன்று வெட்டிச் சுற்றிக் கட்டிவிடுங்கள், இன்று இரவே. கடற்சாமந்தி மோட்டாருக்குள் அரைபட்டு, காலையில் தொட்டி முழுக்கப் பாலாக மாறி நின்றதை என் தொட்டியிலேயே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

தீனி ஒரு வாரத்துக்கு வேண்டாம். இது விலங்குதான் என்றாலும் தோலுக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பதை வைத்தே பெரும்பங்கு வாழ்கிறது. அதனால் கீரைப் பாத்தி போல, முதலில் வெளிச்சமும் தண்ணீரும்தான். விளக்கை ஒரேயடியாக முழு வேகத்தில் வைக்காமல் பாதியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள், நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். தேறிய பிறகு வாரம் ஒருமுறை, அதன் வாயை விடச் சிறியதாக நறுக்கிய இறால் துண்டு கொடுக்கலாம். முழு இறால் கொடுத்தால் துப்பத்தான் செய்யும்.

என்ன நிறம் என்று எழுதவில்லை. பழுப்பு, பச்சை, செம்பழுப்பு என்றால் நல்லது. பால் வெள்ளையாக இருந்தால் உள்ளே பாசியை இழந்துவிட்டது, பிழைக்க மாதக்கணக்கில் ஆகும். பளீரென்ற எலுமிச்சை மஞ்சள் என்றால் சாயம் ஏற்றி விற்றிருக்கலாம்.

கோமாளி மீன் பக்கத்தில் போகாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இப்போது போகாமல் இருப்பதே நல்லது. நோஞ்சானாகக் கிடப்பதில் போய்ப் புரண்டால் இன்னும் நொந்துபோகும். உங்களிடம் இருப்பது ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை உள்ள வகையாகத்தான் இருக்கும். நம் தென்தீவுப் பாறைகளிலும் அது உண்டு, ஆனால் கடலில் அது குடியிருப்பது பெரிய கம்பளக் கடற்சாமந்தியில். பபுள் டிப்பில் இருப்பது சிவந்த தக்காளிக் கோமாளி. தொட்டியில் பல நேரம் சமாதானமாகிவிடும், சில ஜோடிகள் கடைசிவரை திரும்பிப் பார்க்காது.

மீனுக்கு மருந்து போட நேர்ந்தால் செம்பு கலந்ததை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

நான்கு மாதத் தொட்டிக்கு இது கொஞ்சம் அவசரம், ஆறு மாதமாவது பொறுத்திருக்கலாம். வாங்கியாயிற்று, இனி பார்த்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தில் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-ல் கடற்கரையிலிருந்து எடுத்து வந்த ஒரு கடற்சாமந்தி, அவர் காலமான பிறகும் கைமாறிக் கைமாறிக் கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை இருந்தது. அது குளிர்க்கடல் வகை, வெளிச்சம் கேட்காதது, அதனால் உங்களுடையதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் பாட்டி என்று பெயர் வாங்கும் அளவுக்கு வாழ்ந்திருக்கிறது, பாருங்கள்.

மாமியாரிடம் அடுத்த சனிக்கிழமை வரை தவணை கேளுங்கள். அதற்குள் உப்பளவு என்ன காட்டியது, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கிறதா, சாமந்தி எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்று எழுதி அனுப்புங்கள்.