சென்னையில் மதியச் சாப்பாடு: மெஸ் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

அலுவலக நாட்களில் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் கையைக் கடிக்காத விலையில் சாப்பிடுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கிண்டியில் புது வேலை. எந்த மெஸ் தேறும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பன்னிரண்டரை மணிக்கு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். லோடு வண்டி ஓட்டுகிறவரும் கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தைரியமாக நுழையலாம். உட்கார்ந்ததும் "இன்னைக்கு என்ன பொரியல்?" என்று கேளுங்கள். தினமும் முட்டைக்கோஸ்தான் என்றால் காய் வாங்குவதில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

என் பரீட்சை ரசத்தில்தான். சாம்பார் சுமாராக வந்தால் தாளிப்பைக் கூட்டி ஒப்பேற்றிவிடலாம், ரசத்தில் அந்த வேலை நடக்காது. நுரை கட்டியதும் இறக்கிய ரசத்தில் மிளகும் சீரகமும் மணக்கும், தக்காளி வாடை தூக்காது. காலையில் வைத்து மதியம் வரை அடுப்பிலேயே கொதித்த ரசம் நாக்கின் அடியில் கசக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் வெந்நீர் ஊற்றிப் பெருக்கிய ரசம்தான் கிடைக்கும். நல்ல மெஸ்ஸிலும் இது உண்டு, அதனால் நேரத்தோடு போய்விடுங்கள்.

அளவு சாப்பாடா, ஃபுல் மீல்ஸா?

மூன்று மணிக்கு மீட்டிங் இருந்தால் அளவு சாப்பாடு. பல இடங்களில் சோறு மட்டும்தான் அளவு, குழம்பும் ரசமும் கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். தயிருக்குத் தனிக் காசா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு கூட ஒரு பொரியல் கேளுங்கள். பரிமாறுகிறவருக்கு முகம் பழகிவிட்டால் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்.

பில்லில் ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் இரண்டும் போடுகிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

இரண்டும் வேறு வேறு. சாதாரண ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சின்ன மெஸ்கள் பலவும் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்ற ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கும். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டுமே தவிர, நம்மிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. அதை போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி.

சர்வீஸ் சார்ஜ் நம் விருப்பம். தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "எடுத்துடுங்க" என்று சொன்னால் போதும். மெஸ்ஸில் இந்தப் பிரச்சினையே வராது, ஏசி போட்ட இடங்களில்தான் வரும்.

மீன் சாப்பாடு ஆசைதான், பில்லைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

வெறும் சாப்பாடு சொல்லுங்கள். அசைவ மெஸ்களில் மீன் குழம்பும் கோழிக் குழம்பும் அதிலேயே வரும், துண்டுக்குத்தான் தனிக் காசு. வறுத்த மீன் தட்டை மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். கை நீட்டுவதற்கு முன் விலை கேளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் வஞ்சிரம் எட்டாத விலைக்குப் போகும். அந்த இரண்டு மாதம் ஆம்லெட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். புரட்டாசியில் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் வியாபாரம் மந்தம் என்பதால் நேற்றைய மீனா என்று ஒரு கண் வையுங்கள்.

மாதக் கடைசி. கையில் இருபது ரூபாய்தான்.

அம்மா உணவகம். 2013-ல் தொடங்கியபோது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தார்கள். மதியம் சீக்கிரமே வரிசையில் நில்லுங்கள், தயிர் சாதம் முதலில் தீரும். ஊறுகாயைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

பார்சல் வாங்கினால் லாபமா?

பல மெஸ்களில் பார்சல் சோறு இரண்டு பேருக்குக் காணும். இரண்டு பேர் பங்கு போட்டால் இதைவிடச் சல்லிசாக எதுவும் இல்லை. கொதிக்கும் சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதுதான் எனக்குப் பிடிக்காதது. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை, ஆனாலும் நடக்கிறது. எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். கவரில் கட்டுவதைவிடத் தாராளமாகவே ஊற்றுவார்கள்.

பெண் தனியாக மெஸ்ஸுக்குப் போனால் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டியிருக்குமே?

இருக்கும். திருவல்லிக்கேணி மாதிரி இடங்களில், மேன்ஷன் அறைகளில் தங்கும் ஆண்களை நம்பி வளர்ந்த மெஸ்களில் டோக்கன் வாங்கி, காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான். பன்னிரண்டு மணிக்கே போனால் மேஜை காலியாக இருக்கும். கல்லாவில் இருப்பவரிடம் "ஓரமா ஒரு இடம் குடுங்கண்ணா" என்று கேட்டால் பார்த்து உட்கார வைப்பார்கள். முறைத்துப் பார்க்கிற இடமாக இருந்தால் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள், அங்கேயும் ஒரு மெஸ் இருக்கும்.