மானுக்கு முளைப்பதுபோல் காளைக்கும் கொம்பு முளைக்குமா?

கேள்வி: எங்கள் காங்கேயம் காளைக்கு நான்கு வயது. கட்டுத்தறியில் முட்டியதில் வலது கொம்பின் மேல்கூடு கழன்று விழுந்துவிட்டது. உள்ளே சிவப்பாக, ரத்தம் கசிந்தபடி ஒரு முளை நிற்கிறது. மானுக்குக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கிறதே, இதற்கும் முளைக்குமா?

பதில்: மேல்கூடு வளரும். ஆனால் பழைய வடிவும் வழவழப்பும் திரும்பாது.

மாட்டுக் கொம்பு இரண்டு அடுக்கு. வெளியே இருப்பது கெரட்டின் கூடு. நம் நகமும் அதே பொருள்தான். உள்ளே இருப்பது மண்டையோட்டிலிருந்து நீளும் உயிருள்ள எலும்பு. இரண்டுக்கும் நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மெல்லிய தோல் இருக்கிறது. கூட்டைச் சுரந்து வளர்ப்பது இந்தத் தோல்தான், முக்கியமாக அடிப்பகுதியில். சிறு கன்றின் கொம்புக் குருத்தைச் சுற்றியுள்ள தோலைச் சுட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கொம்பு வராமல் போவது இதனால்தான். உங்கள் காளைக்கு அந்தத் தோல் மிஞ்சியிருப்பதால் சில வாரங்களில் மேற்பரப்பு காய்ந்து இறுகும். பிறகு மாதக்கணக்கில் மெல்லிய, சொரசொரப்பான கூடு வரும். எலும்பே முறிந்திருந்தால் அது மறுபடி நீளாது.

புள்ளிமானின் கொம்பு முழுக்க எலும்பு. அது நுனியில் வளர்கிறது. வளரும்போது மென்மயிர் மூடிய தோல் ரத்தம் ஊட்டும். ஆண் ஹார்மோன் கூடியதும் எலும்பு இறுகி, தோல் உரிந்துவிடும். பருவம் முடிந்து ஹார்மோன் குறைந்ததும் அடியில் எலும்பு அரிக்கப்பட்டுக் கொம்பு விழும். வெளிமானைப் பெயர் பார்த்து இதோடு சேர்க்க வேண்டாம். அதன் முறுக்குக் கொம்பு மாட்டுக் கொம்பின் இனம், விழாது.

இப்போது செய்ய வேண்டியது: சுத்தமான பருத்தித் துணியால் அழுத்திக் கட்டி ரத்தத்தை நிறுத்துங்கள். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், மஞ்சள்தூள் எதையும் அப்ப வேண்டாம். கொம்பில் கயிறு போடாதீர்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். வேப்பெண்ணெயைச் சுற்றியுள்ள முடியில் மட்டும் தடவலாம், புண்ணில் படக் கூடாது. 1962 எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மருத்துவர் கண்ணுக்கும் கொம்புக்கும் இடையே மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டே கட்டுப் போட வேண்டும். அந்த வலி கடுமையானது. ஊசி இல்லாமல் தொட விடாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். வளர்ந்த மாட்டின் கொம்பெலும்புக்குள் நெற்றிக் குழியின் காற்றறை நீண்டிருக்கும். எலும்பில் வெடிப்போ ஓட்டையோ இருந்தால் அழுக்கும் மழைநீரும் நேரே நெற்றிக்குள் இறங்கும். ஆகவே வைக்கோலைத் தலைக்கு மேல் உயரத்தில் போடாதீர்கள், தூசி விழும். வலது மூக்கில் மட்டும் சீழ், துர்நாற்றம், தலையை ஒருபக்கம் சாய்த்தல், காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிபடுவதற்கு முன்பே அந்தக் கொம்பு தொங்கியதா, காளை அடிக்கடி தலையை உதறியதா என்றும் நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டுக் காளைகளில் கொம்புப் புற்றுநோய் உண்டு. ஆரம்பத்திலேயே அறுவை செய்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.