பாந்தோல் சிவப்பு: பாட்டிலை எப்போது திறப்பது?

துலோன் பக்கம் ஒரு ஒயின் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பக்கத்திலிருக்கும் பாந்தோல் தெற்கு பிரான்ஸின் கடலோர ஒயின் வட்டாரம்; தொமேன் தாம்பியே அங்கே சிவப்பு ஒயினுக்குப் பேர் போன ஒரு குடும்பத் தோட்டம். அதைப் பற்றிக் கடையில் பேச்சு வந்ததிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. இதோ பதில்கள்.

லியோனில் படிக்கும் மாணவர்: தாம்பியே சிவப்பு 2019 ஒன்று பரிசாக வந்தது. இப்போதே திறக்கலாமா?

திறந்தால் குற்றமில்லை, ஆனால் நான் திறக்கமாட்டேன். இந்த ஒயின் முதல் இரண்டு மூன்று வருஷம் பழச்சாறாகப் பேசும். அப்புறம் திடீரென ஊமையாகிவிடும்: வாசனை இருக்காது, துவர்ப்பு மட்டும் பாக்கு மென்ற மாதிரி நாக்கை இழுக்கும். பத்து வருஷம் தாண்டித்தான் மறுபடி வாய் திறக்கும். பொறுக்க முடியாவிட்டால் நாலு மணி நேரம் முன்னதாகவே திறந்து, அகலமான ஜாடியில் ஊற்றி வையுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: எல்லா ஒயினும் பழசானால் நன்றாகத்தானே ஆகும்? இதில் என்ன விசேஷம்?

ஆகாது. கடையில் விற்பதில் பெரும்பாலானவை ஓரிரு வருஷத்தில் குடித்துத் தீர்க்க வேண்டியவை. இதைத் தாங்கவைப்பது மூர்வேத்ர் என்ற திராட்சை. தடித்த தோல், துவர்ப்பைத் தரும் டானின் ஏராளம், காற்றுபட்டுச் சீக்கிரம் கெடாத குணம். ஆனால் சோம்பேறிக் கொடி, கடைசியாகத்தான் பழுக்கும். முகத்துக்கு வெயிலும் காலுக்குத் தண்ணீரும் கேட்கும் என்று இங்கே சொல்வார்கள். கடலைப் பார்த்த மலைச்சரிவில், கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்களில் அது கேட்பது கிடைக்கிறது.

ஒரு காலத்தில் இது அழியப் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களைத் தின்றது. அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுத்தான் தப்பித்தார்கள். மூர்வேத்ருக்கு ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை, காய்ப்பும் குறைவு. விவசாயிகள் காய்த்துக் கொட்டும் வேறு ரகங்களுக்குப் போய்விட்டார்கள்.

1936இல் லுசியன் பேரோ, தாம்பியே வீட்டுப் பெண் லுலுவைக் கல்யாணம் செய்துகொண்டார். பூச்சி வருவதற்கு முந்தைய பாந்தோல் ஒன்றை மாமனார் ஊற்றிக் கொடுத்தாராம். அந்த ருசி மனுஷனை விடவில்லை. மூர்வேத்ரைத் தேடி நட்டார், அக்கம்பக்கத்தாரையும் நடவைத்தார். 1941இல் பாந்தோலுக்குத் தனிப் பெயருரிமை கிடைத்தது, அதாவது விதிப்படி அங்கே செய்த ஒயின் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மூர்வேத்ரின் பங்கைச் சிறுகச் சிறுக ஏற்றி, இன்று சிவப்பில் குறைந்தது 50% இருக்க வேண்டும், 18 மாதம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். மாமனார் ஊற்றிய ஒரு கோப்பையிலிருந்து சட்டம் வரை வந்த கதை எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

லுலு சமையலுக்கும் பேர் போனவர். 2020இல், 102 வயதில் காலமானார்.

சென்னையிலிருந்து: அலமாரியில் வைத்துப் பத்து வருஷம் காக்கலாமா?

வேண்டாம். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, ஆடாத இடம், படுக்கைவாட்டு. இதெல்லாம் இருந்தால்தான் பத்து வருஷக் கணக்கு. வாடகை வீட்டில் சமையலறைப் பரணில் ஒரு பாட்டிலை இரண்டு கோடை விட்டுவைத்தேன். கார்க் அரை விரல் வெளியே தள்ளியிருந்தது, கழுத்தோரம் பிசுபிசுவென்று கறை. உள்ளே வேகவைத்த உலர்திராட்சை ருசி. தப்பு முழுக்க என்னுடையது. ஒயினுக்கான குளிர்பெட்டி இல்லையென்றால் வாங்கிய வருஷமே குடித்துவிடுங்கள்.

பாரிஸிலிருந்து ஒரு வாசகி: பழைய பாந்தோல் திறந்தேன், குதிரை லாயம் மாதிரி நாற்றம். கெட்டுவிட்டதா?

அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். மூர்வேத்ருக்கு மூச்சுமுட்டல் உண்டு. பல வருஷம் காற்றில்லாமல் கிடந்து தோல், ஈரமண், வேட்டைக்கறி வாசனை அடிக்கும். ஒரு மணி நேரத்தில் கலைந்தால் பிரச்சினையே இல்லை. கலையாமல், வாயில் உலோகச் சுவையும் சேர்ந்தால் அது பிரெட் என்ற காட்டு ஈஸ்டின் வேலை. கொஞ்சம் இருந்தால் ரசிக்கிறவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை.

அவரே: அடியில் மண்டி இருந்தது, வடிகட்டலாமா?

காபி வடிகட்டி வேண்டாம். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே போன் வெளிச்சத்தைப் பிடியுங்கள். தெளிவாக ஓடும் சிவப்பில் திடீரென ஒரு கருப்பு நூல் ஊர்ந்து வரும். அங்கே நிறுத்துங்கள். கார்க்கை நிதானமாக இழுங்கள், 20 வருஷக் கார்க் உதிர்ந்துபோகும்.

மட்டன் குழம்போடு சரிப்படுமா?

மிளகாய் தூக்கலாக இருந்தால் காரமும் டானினும் சேர்ந்து நாக்கைச் சுட்டுவிடும். மிளகும் சீரகமும் போட்டு நிதானமாக வறுத்த ஆட்டுக்கறி என்றால் அருமை. பரிமாறும்போது 16, 17 டிகிரி இருக்கட்டும்.

தாம்பியேயில் லா மிகுவா, லா துர்தீன், கபசாவு என்று தனித்தோட்ட பாட்டில்கள் இருக்கின்றனவே, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

மூன்றும் வேண்டாம். கபசாவு கிட்டத்தட்ட முழுக்க மூர்வேத்ர், முதல் பாட்டிலாக அதைத் தொடுவது பள்ளத்தில் குதிப்பது. கிரெனாஷ், சான்ஸோ என்ற வேறு திராட்சைகளும் கலந்த சாதாரண பாந்தோலை வாங்குங்கள். அந்தக் காசில் அதுவே இரண்டு கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள், ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை திறக்க.