நிறுத்தப்பட்ட தொடரும் தூங்கிப்போன அப்பாவும்

இந்த முறை வந்த கேள்விகளில் கோபக் கேள்விகள்தான் அதிகம். பிடித்த தொடரை நிறுத்திவிட்டார்கள், அடுத்த சீசனைக் காணோம், முடிவில் சொதப்பிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

நான் ரசித்துப் பார்த்த ஒரு ஓடிடி தொடரை முதல் சீசனோடு நிறுத்திவிட்டார்கள். வெளியான வாரம் டாப் 10 பட்டியலில் இருந்தது. எழுதியவர்கள் எல்லோரும் பாராட்டித்தான் எழுதினார்கள். அப்புறம் எதற்கு நிறுத்தினார்கள்?

பாராட்டி எழுதியவர்கள் கடைசி வரை பார்த்தவர்கள். மூன்றாவது எபிசோடில் கழன்றுகொண்டவர்கள் பெரும்பாலும் எதுவும் எழுதுவதில்லை. சத்தமில்லாமல் வேறு தொடருக்குப் போய்விடுவார்கள். உங்கள் கண்ணில் படாத அந்தக் கூட்டம் நிறுவனத்தின் கண்ணில் நன்றாகவே படும்.

நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் திறந்து காட்டியது. தொடங்கியவர்கள், பார்த்தவர்கள், முடித்தவர்கள் என்று மூன்று வகை. ஒரு எபிசோடில் 70 சதவீதம் தாண்டினால் பார்த்தவர். முழு சீசனில் 90 சதவீதம் தாண்டினால்தான் முடித்தவர். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பது முதல் 7 நாள், முதல் 28 நாள் என்று பிரித்துத் தயாரிப்பாளர்களுக்குப் போகிறது.

சரி, டாப் 10? 2023 ஜூன் முதல் நெட்ஃபிளிக்ஸின் அந்தப் பட்டியல், பார்க்கப்பட்ட மொத்த மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்துத் தயாராகிறது. எட்டு மணி நேரத் தொடரை இரண்டு பேர் ஆளுக்குப் பாதி பார்த்துவிட்டு மூடினாலும் ஒரு ‘வியூ’. ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தாலும் ஒரு ‘வியூ’. பட்டியலில் இரண்டும் ஒன்றுதான். அடுத்த சீசனுக்குப் பணம் போடுகிறவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க மாட்டார். இரண்டாவது சீசனில் நடிகர்களின் சம்பளம் ஏறும், செட் பெரிதாகும். செலவு கூடும்போது முடித்தவர்கள் குறைவாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

விடுமுறையில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிடித்த தொடரை எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. புதிய தொடர் என்றால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். முதல் மாதத்திலேயே முடித்துவிடுகிறேன்.

ட்ரெய்லரை வைத்தே ஒரு தொடரை ஒதுக்கலாமா?

நடிப்பும் வசனமும் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க ட்ரெய்லர் போதும். கதையின் வேகத்தை மட்டும் அதை வைத்து எடைபோடாதீர்கள். பத்து மணி நேரத்தை இரண்டு நிமிடமாக வெட்டினால் கிணற்றுத் தண்ணீர்கூட அருவி மாதிரி தெரியும்.

எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் ரேட்டிங் பெட்டியைப் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் டிவி பார்க்கிற எங்கள் கருத்து கணக்கிலேயே இல்லையா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் அதன் தத்துவம். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்த சோறாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சரியாகக் குலுக்கி எடுத்த 1,000 வீடுகள், கோடிக்கணக்கான வீடுகளின் நிலவரத்தை ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சொல்லிவிடும்.

பெட்டி வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. டிவிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். பார்க்க உட்காரும்போது அமுக்க வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அமுக்க வேண்டும். மறந்தால் விளக்கு மினுக்கி ஞாபகப்படுத்தும். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 1987-இல் நாடு முழுவதற்கும் இந்த முறைக்கு மாறியது. அதற்கு முன்பு யார் யார் பார்த்தார்கள் என்பதற்கு வீட்டுக்காரர்கள் டைரியில் குறித்து அனுப்பியதையே பெரிதும் நம்பியிருந்தார்கள். பார்த்ததை எழுதினார்களா, பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள விரும்பியதை எழுதினார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இந்த முறையில் அடிபடுவது சின்னத் தொடர்கள்தான். 1,000 வீடுகளில் 200 வீடு பார்க்கும் தொடருக்கு ஒரு குடும்பம் ஊருக்குப் போனால் ஒன்றும் ஆகாது. 5 வீடு மட்டுமே பார்க்கும் தொடர் என்றால், அந்த வாரம் ஐந்தில் ஒரு பங்கு பார்வையாளர்களே காணாமல் போவார்கள். அதனால் ஒரு வார ரேட்டிங்கை வைத்துக்கொண்டு உங்கள் தொடர் ஏறியது இறங்கியது என்று சண்டை போடாதீர்கள். நாலு வாரம் சேர்த்துப் பாருங்கள்.

முதல் எபிசோடு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா? எத்தனை எபிசோடு வரை பொறுக்க வேண்டும்?

என் கணக்கு இரண்டு. முதல் எபிசோடு பல சமயம் சேனலிடம் காட்டி அனுமதி வாங்குவதற்காக, மற்றவற்றுக்கு மாதக்கணக்கில் முன்னால் எடுத்தது. எல்லாப் பாத்திரங்களையும் அறிமுகம் செய்தாக வேண்டும் என்ற அவசரம் வேறு. அந்தத் தொடர் வாரா வாரம் எப்படி இருக்கும் என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

முதல் எபிசோடை வைத்துத் தப்பாகக் கணித்ததற்குப் பெரிய உதாரணம் சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். வெளியாவதற்கு முன் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டியபோது வந்த அறிக்கை அதைப் பலவீனமானது என்றது. 1989-இல் அந்த ஒரு எபிசோடு ஒளிபரப்பானது. அதன்பின் சேனல் அரைமனதாகக் கேட்டது வெறும் நான்கு எபிசோடுகள். அதே தொடரின் கடைசி எபிசோடை 1998-இல் 7.6 கோடி பேர் பார்த்தார்கள்.

இப்படிப் போட்டுக் காட்டி அளக்கும் வழக்கம் டிவியைவிடப் பழையது. 1930-களின் இறுதியில் வானொலிக்காக பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஃப்ராங்க் ஸ்டான்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருவி செய்தார்கள். நேயர் கையில் இரண்டு பொத்தான்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு, இரண்டும் இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். நிகழ்ச்சி ஓட ஓட, நகரும் காகிதத்தில் பேனாக்கள் கோடு போட்டுக்கொண்டே வரும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ‘இந்த இடத்தில் ஏன் சிவப்பு?’ என்று கேட்பார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கேள்விதான். ‘மொத்தத்தில் எப்படி?’ என்று கேட்டால் யாரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். உங்களில் பலர் எழுதும் ‘சுமார்’, ‘மொக்கை’ எல்லாம் அந்த ரகம். எந்தக் காட்சியில் கை சிவப்புக்குப் போனது என்று சொல்லுங்கள். அப்போதுதான் எனக்குப் பதில் எழுதவும் ஏதாவது கிடைக்கும்.

எல்லோரும் சேர்ந்து மனு போட்டால் நிறுத்திய தொடர் திரும்ப வருமா?

வந்திருக்கிறது. வந்து நிலைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டார் ட்ரெக் இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்று பேச்சு வந்தபோது ரசிகர்கள் கடிதங்களைக் குவித்தார்கள். தொடர் நீடிக்கும் என்று 1968-இல் சேனல் திரையிலேயே அறிவித்தது. ஆனால் மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளிவிட்டார்கள். 1969-இல் தொடர் முடிந்தது. 2007-இல் ஜெரிக்கோ என்ற தொடரின் ரசிகர்கள் சேனல் அலுவலகத்துக்குச் சுமார் 20 டன் வேர்க்கடலை அனுப்பினார்கள். கடைசி எபிசோடில் வந்த ஒரு வசனத்தை வைத்துச் செய்த குறும்பு அது. ஏழு எபிசோடுகள் கிடைத்தன. அடுத்த ஆண்டே மறுபடி நிறுத்தினார்கள்.

ப்ரூக்ளின் நைன்-நைன் கதை வேறு. 2018 மே மாதம் ஒரு சேனல் அதைக் கைவிட, மறுநாளே என்பிசி என்ற இன்னொரு அமெரிக்க சேனல் எடுத்துக்கொண்டது. ரசிகர்களின் கூச்சல் உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தயாரித்த யுனிவர்சல் டெலிவிஷன் என்பிசியின் சொந்தக்காரக் குழுமத்தைச் சேர்ந்தது. வெளியே போயிருந்த பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரிதான். அதனால் மனு போடுவதற்கு முன், தொடரின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

முடிவு பிடிக்கவில்லை, மறுபடி எடு என்ற மனுக்கள் தனி ரகம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசனுக்காக 2019-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். எதுவும் நடக்கவில்லை.

மொத்த எபிசோடுகளையும் ஒரே நாளில் விடுவது நல்லதா, வாரம் ஒன்றா?

பார்க்கிறவருக்கு ஒரே நாள் வசதி. 2013 பிப்ரவரியில் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸின் 13 எபிசோடுகளும் ஒன்றாக வந்தபோது நானும் கொண்டாடியவன்தான். இப்போது வாரம் ஒன்று என்ற கட்சிக்கு மாறிவிட்டேன். அடுத்தது என்ன என்று பேசிக்கொள்ள ஆறு நாள் கிடைப்பது சுகம். பேச்சு பரவினால் தொடரும் வளரும். பிரேக்கிங் பேட் 2008-இல் தொடங்கியபோது முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். 2013-இல் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பழைய சீசன்கள் ஸ்ட்ரீமிங்கில் கிடைத்ததால் தாமதமாக வந்தவர்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த சீசனுக்கு ஏன் மூன்று வருடம் காக்க வைக்கிறார்கள்?

கிராஃபிக்ஸ் வேலை, நடிகர்களின் தேதி, எழுத்து முடிந்த பிறகே படப்பிடிப்பு என்ற முறை. செவரன்ஸ் 2022 பிப்ரவரியில் தொடங்கியது, இரண்டாவது சீசன் 2025 ஜனவரியில் வந்தது. நடுவில் 2023-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காத்திருக்கும்போது பழைய சீசனின் கடைசி எபிசோடை மட்டும் மறுபடி பார்த்துவிடுங்கள், அது போதும்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் நண்பர்களை என்ன செய்வது?

2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவு தெரிந்து படித்தவர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். இதை அந்த நண்பரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான் சிபாரிசு செய்யும் தொடர்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா தூங்கிவிடுகிறார். கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறார். எதை நம்புவது?

தூக்கத்தை நம்புங்கள். எந்த இடத்தில் கண் சொருகுகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். இருட்டில் எடுத்த காட்சியா, வசனம் காதில் விழாத இடமா, பெயர்கள் குழம்பும் கட்டமா? முதல் இரண்டும் என்றால் டிவியின் வெளிச்சத்தைக் கூட்டி, சப்டைட்டிலைப் போட்டாலே பாதி சரியாகிவிடும். மூன்றாவது என்றால் ஒரு எபிசோடில் ஒரு கதை முடிகிற தொடராகத் தேடிப் போடுங்கள். அதிலும் தூங்கினால் பாவம், களைப்பாக இருப்பார். சத்தத்தைக் குறைத்துவிட்டு நீங்கள் பாருங்கள்.